உப்பும் கரியும் போட்ட குழி

திண்டுக்கல்,
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை.

'அன்புள்ள' என்று தொடங்கித்தான் இதுவரை உனக்கு எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினேன், பிறகு அடித்துவிட்டேன். காகிதத்தின் தலையில் கறுப்பாக ஒரு தீற்றல் தெரிகிறதே, அது அந்தச் சொல்தான். வேறு காகிதம் எடுத்திருக்கலாம். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றே எடுக்கவில்லை.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீட்டி முழக்கி நான்கு பக்கம். "படிக்காத கையால் செய்த வயரிங் அம்மாவைக் கொல்லப் பார்த்தது" என்று ஓரிடத்தில். "லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள், நீங்கள் இனி ஒரு ஸ்விட்சைக்கூடத் தொட வேண்டாம்" என்று இன்னோரிடத்தில். கடைசியில், "அடுத்த வாரம் வந்து அம்மாவை மெட்ராசுக்கு அழைத்துப் போகிறேன், உங்களோடு இருந்தால் அவள் பிழைக்க மாட்டாள்" என்று முடித்திருக்கிறாய். நல்லது. திண்டுக்கல்லில் லைசென்ஸ் உள்ள நல்ல வயர்மேன் யார் என்று நானும் நாலு கடையில் விசாரித்தேன். நாலு பேரும் சிரித்துவிட்டு என் பெயரைத்தான் சொன்னார்கள். உன் பள்ளிக்கூடப் பீஸ் கட்டியதும், நீ இஞ்சினியரானதும் இந்தப் படிக்காத கை ஊரெல்லாம் சுவரில் ஆணியடித்து இழுத்த வயரால்தான் என்பதை உனக்கு நினைவூட்ட எனக்கே வெட்கமாக இருக்கிறது. உனக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு என்று எழுதிவிட்டேன்.

நீ பாலம் கட்டுகிறவன். கரண்டைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதது தப்பில்லை. தெரியாமல் நான்கு பக்கம் எழுதுவதுதான் தப்பு. ஆகையால் அந்த வெந்நீர்த் தொட்டியை நான் ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று முதலில் கேட்டுக்கொள். உன் அம்மாவின் முழங்கால் வீங்கிப்போய், டாக்டர் அவளைத் தினமும் அரைமணி நேரம் வெந்நீரில் உட்காரச் சொன்னபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். உட்காருவதற்கு வெந்நீரை யார் சுமப்பது? அடுப்படியிலிருந்து குளியலறைக்கு அவளேதான் குடம் குடமாகச் சுமந்தாள். முழங்கால் வலிக்கு வைத்தியம் செய்துகொள்ள முழங்காலை ஒடித்துக்கொண்டு தண்ணீர் தூக்கினாள். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு தகர வேலைக்காரரிடம் சொல்லி, ஓர் ஆள் உட்கார்ந்து காலை நீட்டுகிற அளவுக்கு நாகத்தகட்டில் ஒரு தொட்டி செய்யச் சொன்னேன். கால்மாட்டில் ஹீட்டர் கம்பியைப் பொருத்தி, கால் படாமல் இருக்க முன்னால் மரச்சட்டம் அடித்தேன். ஸ்விட்சைக் கதவுக்கு வெளியே வைத்தேன். தெருவே வந்து பார்த்தது. "வயர்மேன் பொண்டாட்டி வெந்நில மிதக்குறாப்பா!" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அவளுக்காகவே செய்து கொடுத்த ஒரே பொருள் அதுதான். அதைத்தான் நீ "கொலைத் தொட்டி" என்று எழுதியிருக்கிறாய்.

தொட்டி பெரிய காரியமில்லை. குளியலறைக்குப் பின்னால் நான் தோண்டிய குழிதான் பெரிய காரியம். ஆள் ஆழத்துக்குத் தோண்டி, நடுவில் இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்புமாக அடுக்கடுக்காகப் போட்டு மூடினேன். தொட்டியின் உடம்பிலிருந்து ஒரு செம்புக் கம்பி அந்தக் குழாய்க்குப் போகிறது. ஹீட்டரில் கசிவு வந்தால் கரண்டு தொட்டித் தகட்டுக்கு வரும். அங்கிருந்து செம்புக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கும். அது இறங்குகிற வேகத்தில் ப்யூஸ் அறுந்துவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மண் ஈரமாக இருக்க வேண்டும். நம் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மாசி பிறந்தால் கடப்பாரை இறங்காது. காய்ந்த மண் கரண்டை வாங்காது. அப்போது ப்யூஸும் போகாது. கரண்டு தொட்டியிலேயே நின்றுகொண்டிருக்கும், யாராவது ஈரக்காலோடு வந்து தொடுகிற வரைக்கும். எர்த் குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்று என்று எந்த வீட்டுக்காரரிடம் சொன்னாலும் என்னைப் பைத்தியக்காரனைப் போல் பார்ப்பார். குடிக்கவே குழாயடியில் அடிதடி நடக்கிற ஊரில் குழிக்கு யார் ஊற்றுவார்? அதனால் நான் வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் குளிக்கிற தண்ணீர் குழியின் மேல் போகிற மாதிரி வாய்க்கால் வைத்து, குழி மூடியில் ஓட்டை போட்டுவிடுவேன். நம் வீட்டிலும் அப்படித்தான். அவள் குளித்தால் குழி நனையும். குழி நனைந்தால் அவளுக்கு ஆபத்தில்லை. இது எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. நம் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம் கற்றுக் கொடுத்தது.

அந்த வாய்க்காலைத்தான் மாசி மாதம் பத்து நாள் லீவில் வந்த இஞ்சினியர் உடைத்தார். நிலக்கோட்டையிலிருந்து உன் மாமனார் கொடுத்துவிட்ட மல்லிகைப் பதியன்களைச் சுவரோரம் நட்டாய். அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கயிறு பிடித்து, சிமெண்ட் பூசி, குளியலறைத் தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் மல்லிகைப் பாத்திக்குப் போகிற மாதிரி புது வாய்க்கால் கட்டினாய். அழகான வேலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய வாய்க்காலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தாய். "இம்புட்டுத் தண்ணியையும் வெறுங் குழியில விட்டுக்கிட்டு இருந்திருக்காரு பாரு" என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாய்.

பங்குனிக் கடைசியில் அது நடந்தது. தொட்டியில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. பதம் பார்க்கலாம் என்று உன் அம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டி விளிம்பைப் பிடித்திருக்கிறாள். நான் வாசலில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஏங்க" என்று பாதிச் சத்தம். அப்புறம் குடம் உருளும் சத்தம். மெயினை அணைத்துவிட்டு ஓடினேன். சுவரோரம் விழுந்து கிடந்தாள். இடது மணிக்கட்டு ஒடிந்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கரண்டு அவளைத் தூக்கி எறிந்தது, அதனால் பிழைத்தாள். விளிம்பை இறுகப் பிடிக்க வைத்திருந்தால், அவ்வளவுதான். 

மறுநாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். மீட்டரை உடைக்கவில்லை, எல்லாவற்றையும் பிடுங்கவில்லை. ஹோல்டரில் ஒரு பல்பும் இரண்டு வயரும், அதுதான் என் டெஸ்ட் லாம்ப். ஒரு முனையை லைனிலும் மறு முனையை நியூட்ரலிலும் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. மறு முனையை எடுத்து எர்த்தில் வைத்தேன். பல்பு செத்துப்போனது மாதிரி உள்ளே ஒரு சிவப்புக் கம்பி மட்டும் தெரிந்தது. குழியைத் திறந்து பார்த்தேன். உப்பு கட்டிதட்டிப் போயிருந்தது, கரி தொட்டால் தூசியாகப் பறந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடம் எடுத்து ஊற்றினேன். இரண்டாவது குடம். மூன்றாவது குடம். பல்பு மெல்ல மெல்லத் தெளிந்து, நாலாவது குடத்துக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது. பிறகு அதே ஹீட்டரை மறுபடி மாட்டி, தள்ளி நின்று ஸ்விட்சைப் போட்டேன். பட்டென்று ப்யூஸ் போனது. பார்த்தாயா? கம்பியில் கசிவு இருந்தது உண்மை. நம் உப்புத் தண்ணீர் அதை அரித்துவிட்டது. ஆனால் குழி நனைந்திருந்தால் அன்றைக்கும் இதே ப்யூஸ்தான் போயிருக்கும், உன் அம்மாவின் கை ஒடிந்திருக்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாய்க்காலை உடைத்தது நீ, கோணல் என் வயரிங்.

இதை எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில், தந்தி கிடைத்து ஓடி வந்த நீ நர்சுகளுக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினாயே, அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பேசுங்கப்பா, இப்பப் பேசுங்க!" என்று நீ கேட்டாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குற்றவாளி வாயடைத்து நிற்கிறான் என்று நினைத்திருப்பாய். உன் கடிதமும் அந்தத் தைரியத்தில் எழுதியதுதான். நான் ஏன் பேசவில்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். அதற்கு முன்னால் வேறு ஒன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சொல்ல வராது.

நம் தெருவுக்குக் கரண்டு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கு வயரிங் செய்தேன். நல்ல மனிதர், வேதக்காரர். ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலுக்குப் போய்வந்து எனக்குக் காப்பி கொடுக்காமல் விடமாட்டார். அவர் வீட்டில் ப்யூஸ் அடிக்கடி போயிற்று. எங்கே கோளாறு என்று தேடச் சோம்பல்பட்டு, ஒற்றைக் கம்பி போட வேண்டிய இடத்தில் நான் மூன்று இழை முறுக்கிப் போட்டேன். ப்யூஸ் போவது நின்றது. பத்து நாளில் மரச்சட்டம் கருகி, ஜன்னல் திரை எரிந்துபோயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். என் தப்பு என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. "எலி கடிச்சிருக்கு சார்" என்றேன். அந்த மனிதர் நம்பி, மறுநாளே எலிப்பொறி வாங்கி வைத்தார். வடை வைத்து மாதக்கணக்கில் காத்திருந்தார். அந்த வீட்டில் எலியே கிடையாது. அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தப் பொறி ஜன்னலில் தெரியும். நான் தெருவின் அந்தப் பக்கமாகப் போவேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், கோளாறைக் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. கண்டுபிடித்ததை வாயால் சொல்வதுதான் கஷ்டம். அந்தப் புத்தி உனக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது கேள். நீ வாய்க்காலை உடைத்தபோது நான் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தேன். முதல் கல்லை நீ பெயர்த்த நேரமே, குழி காயப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் பேச்சு நின்றது எதனால் என்று உனக்கு நினைவிருக்கிறதா? தை மாதம் உன் கல்யாணப் பந்தியில், சம்பந்தி என்ன வேலை பார்க்கிறார் என்று உன் மாமனார் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். "எலெக்ட்ரிகல் காண்ட்ராக்டர்" என்றாய். நான் எழுந்து நின்று, எச்சில் கையோடு, பந்தி முழுவதும் கேட்கிற மாதிரி, "வயர்மேன்ங்க. ஏணி எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போவேன்" என்றேன். உன் முகம் செத்துப்போயிற்று. உன்னைச் சிறுமைப்படுத்த வேண்டும் என்றேதான் சொன்னேன். நீ என் வேலையை மறைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. நான் அதைப் பந்தியில் போட்டு உடைத்தது உனக்குப் பொறுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மாசியில் நீ வாய்க்கால் கட்டியபோது, நம் வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் அந்தக் குழியைப் பற்றிக் கேட்டது. உன் மனைவி. நீ சிமெண்ட் வாங்கப் போயிருந்தாய். அவள் வந்து, "மாமா, இந்தக் குழி எதுக்கு? மூடியில வேற ஓட்ட போட்டு வச்சிருக்கீங்க" என்று கேட்டாள். வந்து இரண்டு நாள்கூட ஆகாத பெண் அவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒம் புருசந்தான் இஞ்சினியரு, அவனக் கேளும்மா." அவள் உன்னிடம் கேட்டாள். "அது அந்தக் காலத்து ஏற்பாடு" என்று நீ சொன்னதும் எனக்குக் கேட்டது. இரண்டு ஆண்களிடமும் கேட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். மல்லிகை அவள் ஊர்ப் பூ என்பதற்காக அவள்மேல் பழி போடுகிறவர்கள் யாராவது இருந்தால், நானே அவர்கள் வாயை மூடுவேன்.

நீ ஊருக்குப் போன பிறகாவது நான் அந்த அடைப்பை எடுத்திருக்கலாம். அரைமணி நேர வேலை. எடுக்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நீ மாமனாரோடு வருவாய். அவர் முன்னால் டெஸ்ட் லாம்பை எடுத்து வைத்து, பல்பு செத்துக் கிடப்பதைக் காட்டி, தண்ணீர் ஊற்றி எரிய வைத்துக் காட்டி, "காண்ட்ராக்டர் சொல்லுறேன், கேட்டுக்குங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு நாளுக்காகக் குழியைக் காயவிட்டேன். கம்பியில் கசிவு வராத வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் தண்ணீரில் ஹீட்டர் கம்பி ஒரு வருடம் தாங்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. விழுவதற்கு மூன்று நாளைக்கு முன்னாலேயே உன் அம்மா சொன்னாள். "ஏங்க, தொட்டியத் தொட்டா சுர்ருன்னு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குங்க." நான் பேப்பரை மடிக்காமலேயே, "ஒனக்கு வாதம், எறும்பு இல்ல" என்றேன். அடுத்த நாளும் சொன்னாள். என் கை டெஸ்டர் இருந்த டப்பா வரைக்கும் போயிற்று. சோதித்தால் கசிவு தெரியும். தெரிந்தால் உடனே உன் வாய்க்காலை இடிக்க வேண்டும். இடித்துவிட்டால் உனக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது. இன்னும் பத்து நாள்தானே என்று டப்பாவை மூடினேன். ஊரில் யார் வீட்டில் சுர்ரென்றாலும் சோற்றை விட்டு எழுந்து ஓடுகிறவன், என் பெண்டாட்டி சொன்னபோது டப்பாவை மூடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பேசியிருந்தால் இதையும் பேச வேண்டியிருக்கும். அதனால்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதனால் நீ நல்லவன் ஆகிவிட்டாய் என்று நினைக்காதே. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஒன்றைப் பிடுங்குவதற்கு முன்னால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்கிற இடம் பிடிக்காத இடமாக இருந்தாலும் கேட்க வேண்டும். இதைத்தான் உனக்குப் புத்தியாகச் சொல்ல உட்கார்ந்தேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். யோக்கியதை இல்லை. புத்தி சரியான புத்திதான், எடுத்துக்கொள். உன் வாய்க்காலை இடித்துவிட்டேன். தண்ணீர் பழையபடி குழிக்குப் போகிறது. மல்லிகைக்கு நான் தனியாக ஊற்றுகிறேன். செடிகள் என்ன பாவம் செய்தன. ஹீட்டர் கம்பியைக் கழற்றி எறிந்தாயிற்று. உன் அம்மா இப்போது தொட்டிப் பக்கமே போவதில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்து நான் சுமக்கிறேன். அவள் பலகையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் முழங்காலில் ஊற்றிக்கொள்கிறாள்.

கடைசியாக ஒன்று. உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நம் வீட்டில் வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் நான் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். நான் இத்தனை வருடமாக உள்ளபடி வாசித்ததில்லை. ஹாஸ்டலுக்கு உன்னை "உதவாக்கரை" என்று எழுதிவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று வாசிப்பேன். நீ என்னைத் திட்டி எழுதினால், "அம்மா வைக்கும் வெஞ்சனம் நாக்கிலேயே நிற்கிறது" என்று வாசிப்பேன். புதன்கிழமை வந்த உன் கடிதத்தையும், "மெட்ராசுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ" என்று மட்டும்தான் வாசித்தேன். எதனால் ஷாக் அடித்தது என்று அவள் கேட்டபோது, "கம்பி வீணாப் போச்சு" என்றேன். அவள் பெட்டியில் இரண்டு சேலையை எடுத்து வைத்துவிட்டு, போவதா வேண்டாமா என்று நாலு நாளாக யோசிக்கிறாள், நான் மறைத்தது எதுவும் தெரியாமல். இப்போது மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். "எம்புட்டு நேரமா எழுதுறீங்க? வாசிங்க, கேப்போம்" என்கிறாள். மேலே அடித்திருக்கிற சொல்லிலிருந்து தொடங்கி, ஒரு எழுத்து விடாமல் வாசிக்கப் போகிறேன். கேட்டுவிட்டு அவள் உன்னோடு வருகிறேன் என்றால், நானே ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுகிறேன்.

பிற்பகல்.

வாசித்துவிட்டேன். எறும்பு கடித்த இடம் வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. கடைசி வரிவரை கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியில் எடுத்து வைத்திருந்த இரண்டு சேலைகளையும் மறுபடி கொடியில் போட்டாள். பிறகு, "எழுதுங்க" என்றாள்.

"நா மெட்ராசுக்கும் வரல. இவுக தூக்குற வெந்நியும் எனக்கு வேணாம். மருமக கேட்டாளாமே, குழி எதுக்குன்னு. அவள அனுப்பு. அவ வந்து எங்கூட இருக்கட்டும், எனக்கு வெந்நி வைக்கட்டும், அவ மல்லியையும் அவளே பாத்துக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டு வேணாப் போங்க."

அவள் சொன்னது அத்தனையும் இதுதான். இந்தத் தடவை எதையும் விடவில்லை.